ஒரே படகில் ஏழு பேர்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள் சார். எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். முன்னால் அந்தப் பச்சைச் சட்டைக்காரரை எங்கள் ஊர் ஆள் என்று நினைத்துவிட்டேன். இல்லை. மீசை வேறு மாதிரி இருக்கிறது.

நாகர்கோவிலுக்குத்தானே? நானும் அங்கேதான். போலீசில் பெரிய அதிகாரியைப் பார்த்து ஒரு மனு கொடுக்க வேண்டும். இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. என்ன மனு என்று நானே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குக் கிளீட்டஸைத் தெரியுமா? எங்கள் ஊர் சூசைத்துறை கிளீட்டஸ். ஐஸ் லாரி ஓட்டுகிறவன், நடக்கும்போது கொஞ்சம் இடது பக்கம் சாய்வான். தெரியாதா? நல்லது. தெரியாது என்றால் சொல்லலாம்.

என் பெயர் மிக்கேலடிமை. மீன்பிடி விசைப்படகு ஒன்றுக்குச் சொந்தக்காரன். கிளீட்டஸ் என் மனைவி பிலோமினாவின் தம்பி, சொந்த மச்சான். அந்த மச்சான்தான் என் படகுக்குக் கேடு செய்தான் என்று மனுவில் எழுதியிருக்கிறேன். எப்படிச் செய்தான் தெரியுமா? பந்து விளையாட்டுக்கு ஆள் எடுத்துச் செய்தான். சிரிக்காதீர்கள் சார். எங்கள் ஊர் எஸ்.ஐ.யும் இப்படித்தான் முதலில் சிரித்தார்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வருடா வருடம் திருவிழாவை ஒட்டி கடற்கரையில் கால்பந்துப் போட்டி நடக்கும். அணிக்கு ஏழு பேர். எட்டு அணிகள். தோற்றால் வெளியே போக வேண்டியதுதான். எந்த அணிக்கு யார் விளையாடுவது என்பதை முன்கூட்டியே கோவில் முற்றத்தில் வைத்து முடிவு செய்வார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஆள் எடுக்கிறவர் ஒருவர் இருப்பார். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயராக விளிப்பார்கள். பெயர் விளிக்கப்பட்டவன் வந்து சட்டையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வான். அதோடு அவன் அந்த அணிக்காரன்.

இப்போதுதான் முக்கியமான விஷயம். சட்டை வாங்கியவன் தன் அணி தோற்று வெளியேறும் வரை, இல்லையென்றால் கோப்பை வாங்கும் வரை, கடலுக்குப் போகக் கூடாது. படகு முதலாளி கூப்பிட்டாலும் கூடாது, பெற்ற அப்பன் கூப்பிட்டாலும் கூடாது. நாங்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனால் வாரக்கணக்கில் தண்ணீரில் தங்கித்தான் திரும்புவோம். பாதிப் போட்டியில் ஆள் காணாமல் போனால் விளையாட்டு என்ன ஆகும்? அதற்காகப் பெரியவர்கள் வைத்த கட்டு இது. நானும் மதிக்கிறேன். அதனால்தான் ஆள் எடுக்கிறவர்கள் ஒரு படகிலிருந்து ஒருவனை எடுப்பார்கள், மிஞ்சினால் இரண்டு பேர். அதற்கு மேல் எடுத்தால் அந்தப் படகு கரையில் கிடந்து காயும். யாரும் செய்ய மாட்டார்கள்.

கிளீட்டஸ் செய்தான். என் படகிலிருந்து ஏழு பேர்.

கேட்டீர்களா? ஏழு பேர்!

நானும் பந்து விளையாடினவன்தான் சார். வலது பின்களத்தில் நின்றால் என்னைத் தாண்டிப் போக ஒருவன் இருந்ததில்லை. பிறகு முட்டி போயிற்று. விளையாட்டும் போயிற்று, கடலும் போயிற்று. கரையில் இருந்தபடியே படகைக் கவனித்துக்கொள்கிறேன். மேற்குத் தெரு அணிக்கு ஐந்து வருடம் நான்தான் ஆள் எடுத்தேன். யார் எந்தக் காலால் அடிப்பான், யார் மழையில் வழுக்குவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த வருடம் திடீரென்று, "மிக்கேலண்ணன் ஓய்வு எடுக்கட்டும், கிளீட்டஸ் ஆள் எடுக்கட்டும்" என்றார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு ஆள் கூட இல்லை. அப்போதே எனக்கு ஒரு நெருடல்.

அன்று சீட்டுக் குலுக்கியதில் முதல் விளி கிளீட்டஸுக்கே விழுந்தது. முதல் விளி என்றால் சின்ன விஷயமா? ஊரிலேயே நல்ல ஆட்டக்காரனை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஆன்சல் என்று ஒரு பையன் இருக்கிறான். பாதி மைதானத்தில் நின்று தென்னை மரத்தில் தேங்காயைக் குறிபார்த்து அடிப்பான். மாவட்டத்துக்கு ஆடியவன். குருடன் எடுத்தாலும் ஆன்சலைத்தான் எடுப்பான். ஆன்சலே எழுந்து சட்டை வாங்கப் பாதி தூரம் வந்துவிட்டான்.

கிளீட்டஸ் எழுந்து நின்று, "டெல்வின்!" என்று விளித்தான்.

டெல்வின் தனக்குப் பின்னால் வேறு டெல்வின் யாராவது நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தான். அவன் என் படகில் எஞ்சின் அறையில் இருக்கிறவன். பந்தை நேராக உதைக்கத் தெரியாது. உதைத்தால் பந்து ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அவனைக் கடைசிச் சுற்றில் சும்மா கொடுத்தால் கூட நான் வாங்க மாட்டேன்.

இரண்டாவது சுற்றில் யாரை எடுத்தான் தெரியுமா? பிரிட்டோவை. அவனும் என் படகு. வயது ஐம்பதை நெருங்குகிறது. தொப்பை முன்னால் வரும், பிரிட்டோ பின்னால் வருவான். கேட்டால், "கோல் போஸ்டை அடைச்சிட்டு நிப்பான் அத்தான்" என்கிறான். அரிசி மூட்டை கூடத்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கும் ஒரு சட்டை கொடுக்க வேண்டியதுதானே?

மூன்றாவது ஆளும் என் படகு. நான்காவது ஆளும் என் படகு.

இன்னொன்றையும் கவனித்தேன் சார். ஆள் எடுக்கிற மற்ற ஏழு பேரும் தங்கள் முறை வந்தபோது என் படகு ஆட்களை விளிக்கவே இல்லை. கிழக்குத் தெருவுக்கு எடுக்கிற பனியடிமை என் மகன் ரெஜினைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு கிளீட்டஸைப் பார்த்தார், உடனே வேறு பெயரைச் சொன்னார். நான் கண்ணால் பார்த்தேன். ரெஜின் நல்ல ஆட்டக்காரன். அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. என் படகிலேயே பந்து தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆறு சுற்று முடிந்தது. எட்டுப் பேரில் ஒருவர் கூட என் மகன் பெயரைச் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்து மணலைக் கால் விரலால் கீறிக்கொண்டிருந்தான். பெற்றவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ஏழாவதாகத்தான் கிளீட்டஸ், "ரெஜின்" என்றான். மெதுவாகச் சொன்னான். அந்த நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நின்ற தன் அக்காவைப் பார்த்தான். அக்கா என்றால் என் மனைவி.

நான் எழுந்து போய்க் கிளீட்டஸின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "லேய், என்னல இது? என் படகுல ஆளே இல்லாம ஆக்கிட்டியே!"

"அத்தான், ஒரே படகுக்காரனுவ. ஒருத்தன் கண்ணக் காட்டினா மத்தவனுக்குப் புரியும். பந்து தானா வரும்."

"டெல்வினுக்குப் பந்து தானா வருமா?"

"வரும் அத்தான். பழக்கிருவேன்."

"இன்னும் கொஞ்ச நாள்ல மீன்பிடித் தடைக்காலம் முடியுது. எல்லாப் படகும் போகும். என் படகு மட்டும் கரையில கெடக்கணுமா?"

அவன் அதற்கு ஒரு பதில் சொன்னான். "சீக்கிரம் தோத்துட்டா போலாம் அத்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. சிரிக்காத கண்ணை நான் நம்ப மாட்டேன்.

பங்குச்சாமியாரிடம் போனேன். சின்ன வயது சாமியார், அவரும் பந்து விளையாடுகிறவர். "சட்டைய வாங்கிட்டாங்களே மிக்கேலண்ணா, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். படகு நீள விரித்தார்.

இதெல்லாம் திடீரென்று வந்ததில்லை சார். யோசித்துப் பார்த்தால் முன்னாலேயே கோர்வையாக நடந்திருக்கிறது. அந்தத் தடைக்காலத்தில் எல்லாரும் படகைக் கரையில் ஏற்றி அடிப்பலகையைப் பிரித்து வேலை பார்த்தார்கள். நான் ஏற்றவில்லை. எனக்கு என் படகு தெரியும். மேலே நல்ல நீலப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டு, மாதா படத்தைப் புதிதாக எழுதினேன். கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் எத்தனை பேரோ.

அடியில் கொஞ்சம் கசிவு உண்டு. ஒளிக்கவில்லை, சொல்கிறேன். எந்தப் படகில் கசிவு இல்லை? கடலில் கிடக்கிற மரம், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். அதற்குத்தானே பம்பு வைத்திருக்கிறோம். இந்த டெல்வின் ஒரு நாள் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணே, பம்பு நிக்கவே மாட்டேங்குது. போட்டா போட்டபடி ஓடுது."

"நின்னாத்தானல கவலைப்படணும்?" என்றேன். நியாயமான பேச்சுத்தானே? தலையைச் சொறிந்தபடியே போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் ஸ்ராங்கு வந்தார். ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டுகிறவர். லாரன்சு என்று பெயர், என்னைவிடப் பெரியவர். "மிக்கேலு, இந்தத் தடவ மட்டும் கரையில ஏத்திப் பாத்துருவோம்" என்றார். "ஒரு தங்கல் கடலுக்குப் போயிட்டு வாருங்கோ, வந்ததும் ஏத்துவோம்" என்றேன். நான் முடியாது என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா? வந்ததும் ஏற்றுவோம் என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கிளீட்டஸ் என் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அடுக்களையில் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் பின்பக்கமாக வந்தேன். பிலோமினா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கிளீட்டஸ் சொல்கிறான், "அத்தானுக்குத் தெரியக் கூடாது அக்கா. தெரிஞ்சா வீம்புக்கே அனுப்பிருவாரு." உள்ளே போனேன். "என்ன தெரியக் கூடாது?" என்றேன். பிலோமினா சட்டென்று, "கறியில புளி கூடிப் போச்சு, அதச் சொன்னான்" என்றாள். புளிக்கு அழுவார்களா சார்? சாப்பிட்டுப் பார்த்தேன். புளி சரியாகத்தான் இருந்தது.

அக்காவும் தம்பியும் ஒரு மாதிரி. அவர்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், ஏசுவடியான். கடலுக்குப் போனவன் வரவில்லை. படகும் வரவில்லை. அது நடந்து வெகு காலமாகிறது. ஆனாலும் கொஞ்சம் காற்றடித்தால் இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிடும். அந்த வீட்டு ரத்தம் அப்படி. தொழிலுக்கு ஆகாது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

போட்டிக்கு வருகிறேன்.

முதல் ஆட்டத்தில் மேற்குத் தெரு தோற்றுவிடும் என்று நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். தோற்றால் மறுநாளே படகை அனுப்பிவிடலாம் அல்லவா? ஜெயித்தார்கள் சார். டெல்வின் முட்டியில் பட்ட பந்து உள்ளே போயிற்று. அவன் உதைக்கவில்லை, அது அவன்மேல் வந்து பட்டது. ஆனால் ஒன்று, ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழு பேரும் வலை இழுக்கிற மாதிரி ஆடினார்கள். ஒருவன் முன்னால் போனால் ஒருவன் தானாகப் பின்னால் வந்தான். சத்தம் போடாமல் ஆடினார்கள். என் படகில் பழகிய பழக்கம் அது. எனக்கே ஒரு நிமிஷம் கைதட்டத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ஆட்டம் தள்ளிப் போயிற்று. தடைக்காலம் முடிந்தது. துறைமுகத்திலிருந்து ஒவ்வொரு படகாகப் புறப்பட்டுப் போயிற்று. ஒரு ஆள், இரண்டு ஆள் குறைந்தவர்கள் மாற்று ஆள் போட்டுக்கொண்டு போனார்கள். நான் ஏழு பேருக்கு எங்கே போவேன்? பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் ஆள் கேட்டேன். ஒருவனுக்கு வயிற்று வலி, ஒருவனுக்குத் தங்கை கல்யாணம், ஒருவன், "எந்தப் படகு? ஓ, அந்த நீலப் படகா?" என்று கேட்டுவிட்டு மாடு தேடப் போவதாகச் சொன்னான். அவனுக்கு மாடே கிடையாது. எல்லா ஊருக்கும் கிளீட்டஸ் முன்னாலேயே சொல்லிவைத்திருக்கிறான். ஐஸ் லாரிக்காரனுக்குப் போகாத ஊர் ஏது?

எனக்கும் புத்தி இருக்கிறது சார். அரையிறுதியில் எதிரணி ஆன்சலின் அணி. அவர்களிடம் நானே போனேன். "பிரிட்டோவுக்கு இடது பக்கம் பாய வராது. அங்கேயே அடி. ரெஜின் எப்போதும் வலது பக்கம்தான் திரும்புவான். அந்தப் பக்கம் ஒருவனை நிறுத்து" என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். சொந்த மகனைக் காட்டிக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அவன் படகுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தானே? ஆன்சல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "சரி மாமா, சரி மாமா" என்றான்.

ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஆன்சலுக்குத் தனியாகப் பந்து கிடைத்தது. முன்னால் பிரிட்டோ மட்டும். அவனும் வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டான். வெறும் கோல். சின்னக் குழந்தை ஊதினால் பந்து உள்ளே போகும். ஆன்சல் நின்றான். கிளீட்டஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு அடித்தான் பாருங்கள், பந்து கோவில் மதிலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்தில் போய் விழுந்தது!

தேங்காயைக் குறிபார்த்து அடிக்கிறவன்!

அதுவும் போகட்டும். தன் அணிக்காரர்கள் யாராவது அவனைத் திட்டினார்களா? இல்லை. ஒருவன் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தான். அடுத்த நிமிஷம் ரெஜின் வலது பக்கம் திரும்பி ஒரு கோல் போட்டான். நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் ஒருவனும் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்கள் ஜெயித்தவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். நான் எத்தனையோ போட்டி பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் தோற்றவன் கட்டிப்பிடிக்க மாட்டான், கல்லைத்தான் எடுப்பான்.

ஊரே சேர்ந்து செய்கிறது என்று அப்போது எனக்கு உறுதியாயிற்று. பிலோமினாவிடம் சொன்னேன். "ஒன் தம்பி என்னை ஒழிக்கப் பாக்கான்."

அவள் மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அவன் யாரையும் ஒழிக்கல" என்றாள்.

"அப்போ எதுக்கு என் ஏழு பேரை எடுத்தான்?"

"அந்த ஏழு பேரும் பந்து விளையாடட்டுமே. ஒங்களுக்கு என்ன?"

பேச்சைப் பார்த்தீர்களா? எனக்கு என்னவாம்!

இறுதி ஆட்டத்தன்று ஒரு ஈ, காக்கை கூடத் துறைமுகத்தில் இல்லை. காவலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். என் படகும் மற்ற இரண்டு மூன்று படகுகளும் மட்டும் அங்கே கட்டிக் கிடந்தன. தண்ணீர் ஏறாமல் இருக்க பம்பைப் போட்டுவிட்டு வா என்று காலையிலேயே டெல்வினிடம் சொல்லியிருந்தேன். "போட்டிருக்கேன் அண்ணே, ஆனா பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல" என்றான். எஞ்சினை ஓட்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆள் வேண்டும். ஆள்தான் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறதே!

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. வீரர்கள் ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது துறைமுகத்துக்குச் சிகரெட் எடுக்கப் போன டீக்கடைக்காரர் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "நீலப் படகு தாழ்ந்திட்டு. கட்டின எடத்துலயே தாழ்ந்திட்டு" என்றார்.

ஊர் முழுக்க எழுந்து நின்றது. ஒருவர் கூட, "ஐயோ" என்று சொல்லவில்லை. நீங்கள் என்றால் சொல்வீர்களா மாட்டீர்களா? முன்பின் தெரியாதவன் படகு தாழ்ந்தால் கூட, "ஐயோ" என்பது வாயில் தானாக வரும். எல்லாரும் அந்த ஏழு பேரைப் பார்த்தார்கள். படகு இருக்கிற பக்கம் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தார்கள். பிரிட்டோவின் அம்மா மண்டியிட்டுச் சிலுவை போட்டார். பிலோமினா அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். படகுக்காகத்தான் அழுகிறாள் என்று நான் அப்போது நினைத்தேன்.

கிளீட்டஸ் என்ன செய்தான் தெரியுமா? அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். குற்றவாளி வேறு எப்படி உட்காருவான்?

நான் துறைமுகத்துக்கு ஓடினேன். ரெஜினும் கூடவே வந்தான். புதுப் பெயிண்ட் முழுவதும் தண்ணீருக்குள். கொடிக்கம்பமும் மாதா படத்தின் மேல் பாதியும் மட்டும் வெளியே தெரிந்தன. நான் அங்கேயே நின்றேன். ரெஜின் என் தோளில் கை வைத்தான். அவன் அப்படியெல்லாம் கை வைக்கிற பையன் இல்லை. விளையாடின வேர்வை, கை சுட்டது. "மணல்லதான் கெடக்கு அப்பா" என்றான்.

மணலில்தான் கிடக்கிறது. அது எனக்குத் தெரியாதா? துறைமுகத்தில் தாழ்ந்தால் மணலில் கிடக்காமல் எங்கே கிடக்கும்? ஏன் அப்படிச் சொன்னான் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கேட்கவும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் எஸ்.ஐ.யிடம் போனேன். கிளீட்டஸ் திட்டம் போட்டு என் ஆட்களைக் கரையில் நிறுத்தி, பம்பை நிற்க வைத்து, படகைத் தாழ்த்திவிட்டான் என்று சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பம்பு நின்னா படகு தாழ்ந்திருமா?" என்று கேட்டார்.

"ஆமா சார், தாழ்ந்திரும்" என்றேன்.

"கரையில இருந்து எவ்வளவு தூரம் போக இருந்தது?"

"ஆழ்கடல் சார். கரை தெரியாது."

"ஒங்க மகனும் போறதா இருந்தானா?"

"அவன் இல்லாம எப்படி?"

பேனாவை மூடி வைத்துவிட்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றார். மனுவை வாங்கவே இல்லை. வெளியே வந்து விசாரித்தேன். அவரும் போலீஸ் அணியில் கோல்கீப்பராம்! பந்து விளையாடுகிறவன் எவனையும் இனி நம்புவதற்கில்லை. அதனால்தான் மேல் அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். அவர் விளையாடுகிறவரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த நிறுத்தம் இல்லை சார், அடுத்தது. இன்னும் இருக்கிறது.

என்னிடம் இருக்கிற பெரிய சாட்சியை இன்னும் சொல்லவில்லை. இறுதி ஆட்டத்தின் மிச்சத்தை நான் பார்க்கவில்லை. பிறகு கேள்விப்பட்டேன். மேற்குத் தெரு மூன்று கோல் வாங்கித் தோற்றதாம். ரெஜின் போனபின் ஆறு பேர்தானே. அந்த ஆறு பேரும் ஆடவே இல்லையாம். பிரிட்டோ கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பந்து உள்ளே போவதைப் பார்த்துச் சிரித்தானாம். டெல்வின் நடு மைதானத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தானாம். யாரும் எழுப்பவில்லையாம். இப்படி ஒரு அணியை எடுத்த ஆளை ஊர் என்ன செய்ய வேண்டும்? அடுத்த வருடம் முற்றத்துக்குள் விடக் கூடாது. சரிதானே?

மறுநாள் காலை, கோவில் பூசை முடிந்ததும் கிளீட்டஸ் வீட்டுக்கு எதிரே ஒளிந்து நின்று பார்த்தேன். பிரிட்டோவின் அம்மா ஒரு கோழியோடு வந்தார். டெல்வினின் மனைவி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கோழியோடு வந்தாள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. ஆறு பேர் வீட்டிலிருந்தும் ஆறு கோழி சார். முற்றத்தில் கட்டிப் போட இடமில்லை. ஒருத்தி கிளீட்டஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை இழுத்தான்.

ஏழாவது கோழி யாருடையது தெரியுமா? பிலோமினாவுடையது. எங்கள் வீட்டுச் சிவப்புச் சேவல். விடியற்காலையில் எழுப்புமே என்று நான் ஆசையாக வளர்த்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்பி வீட்டுப் படி ஏறினாள். நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்று கோல் வாங்கித் தோற்றவன் வீட்டுக்கு யாராவது கோழி கொண்டு போவார்களா? ஜெயித்தால் கூட எங்கள் ஊரில் ஒரு டீ வாங்கித் தர மாட்டார்கள். அதுவும் ஆம்பளைகள் யாரும் வரவில்லை. எல்லாம் அம்மாவும் மனைவியும். விளையாட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? எதற்கான கோழி இது? என் படகைத் தாழ்த்தியதற்குக் கூலி. வேறென்ன காரணம் இருக்க முடியும்? எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறதா? படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். சொல்லுங்கள் சார்.

என்ன, ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த எஸ்.ஐ.யும் இதே பார்வைதான் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை எதற்கு நீட்டுகிறீர்கள்? எனக்குத் தாகம் இல்லை.

கிளீட்டஸைத் தெரியாது என்றுதானே சொன்னீர்கள்?

நீங்கள் எந்த ஊர் சார்?